மாடியூல் 16: கார்ப் ஹீட் பாடத்தைக் காற்று போகும் வழியிலேயே படியுங்கள்

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) உரிமத்தின் பி1.2 (பிஸ்டன் எஞ்சின் விமானம்) பிரிவுக்குப் படிப்பவர்கள், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் உறையும் பனியை மாடியூலின் 16.4-லும் இன்டேக் (காற்று உள்ளிழுக்கும்) அமைப்பை 16.6-லும் தனித்தனியாகப் படித்துவிடுகிறார்கள். கேள்விகளோ இரண்டையும் கலந்தே வரும். முதல் வேலையாக, ஒரு தாளில் காற்றின் பாதையை வரைந்துகொள்ளுங்கள்: கவ்லிங் (எஞ்சின் மூடி) வாய், ஃபில்டர், ஏர்பாக்ஸ், அதற்குள் ஃபிளாப்பர் வால்வு, கார்புரேட்டர், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்). ஏர்பாக்ஸின் இன்னொரு வாய்க்கு, எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள ஹீட் மஃப் என்ற உறையிலிருந்து ஸ்கேட் ஹோஸ் (வளையும் காற்றுக்குழாய்) வருகிறது. ஃபிளாப்பர் வால்வைத் திருப்பி இந்தச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்கு விடுவதுதான் கார்ப் ஹீட். பெரும்பாலான சிறு விமானங்களில் இந்தப் பக்கம் ஃபில்டர் இருக்காது. தரையில் கார்ப் ஹீட்டை நீண்ட நேரம் போட்டுவைக்கக் கூடாது என்பது அதனால்தான்: தூசி நேரே சிலிண்டருக்குப் போகும்.

பனியில் மூன்று வகை. வெஞ்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில்) பெட்ரோல் ஆவியாவதால் உறைவது, த்ராட்டில் தகட்டில் அழுத்தம் விழுவதால் உறைவது, ஃபில்டரிலும் வளைவுகளிலும் மோதி ஒட்டுவது. முதலிரண்டும் சேர்ந்து காற்றின் வெப்பநிலையிலிருந்து சுமார் 39 டிகிரி செல்சியஸ் வரை குறைத்துவிடும். எனவே ‘சென்னை வெயிலில் பனி ஏது’ என்று விடையெழுதினால் மதிப்பெண் போச்சு; ஈரப்பதம் மிகுந்திருந்தால் 30 டிகிரியிலும், குறிப்பாக த்ராட்டில் குறைத்து இறங்கும்போது, உறையும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் வெஞ்சுரிப் பனி இல்லை. ஆனால் மூன்றாவது வகை உண்டு. அதற்காகத்தான் மாற்றுவழியில் காற்று எடுக்கும் ஆல்டர்னேட் ஏர் கதவு.

இனி எண்கள். 2017-க்கு முந்தைய எஃப்.ஏ.ஆர். (அமெரிக்க விமான விதி) 23.1093-ன்படி, வெஞ்சுரி கார்புரேட்டருள்ள கடல்மட்ட எஞ்சினுக்கு (கடல்மட்டத்தில் மட்டுமே முழுச் சக்தி தருவது), வெளிக்காற்று 30 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க, 75 சதவீத சக்தியில் 90 டிகிரி ஃபாரன்ஹீட் ஏற்றம் கிடைக்க வேண்டும். ஆல்டிட்யூட் எஞ்சினுக்கு (உயரத்திலும் முழுச் சக்தி தருவது) 120. பலர் வழுக்கும் இடம் இது: 90 என்பது வித்தியாசம். 32-ஐக் கழிக்கக் கூடாது. 9-ல் 5 பங்கு எடுத்தால் 50 டிகிரி செல்சியஸ்.

அந்த 50 டிகிரிக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறு விமான எஞ்சினான லைகோமிங் ஓ-320-ன் கொள்ளளவு 5.24 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்றை இழுக்கும். 2450 ஆர்.பி.எம்., நிரம்பும் திறன் 0.8 என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 5135 லிட்டர் காற்று. உறைநிலை அருகே அடர்த்தி கனமீட்டருக்கு 1.3 கிலோ என்பதால் நொடிக்கு 0.11 கிலோ. 50 டிகிரி ஏற்றச் சுமார் 5.6 கிலோவாட் வேண்டும். மஃப் ஏன் எக்ஸாஸ்ட் குழாயை ஒட்டியே இருக்கிறது, சிறிய மஃப் ஏன் போதாது என்பதெல்லாம் இந்த ஓர் எண்ணில் விளங்கும்.

வரிசையைக் கேட்கும் கேள்விகளில் நிதானம் வேண்டும். ஃபிக்ஸட் பிட்ச் (இலைக்கோணம் மாறாத) புரொபெல்லரில் பனியின் முதல் அறிகுறி ஆர்.பி.எம். குறைவது, கான்ஸ்டன்ட் ஸ்பீடில் (கோணத்தை மாற்றி வேகத்தை நிலையாக வைப்பதில்) மேனிஃபோல்டு பிரஷர் குறைவது. ஹீட் போட்டதும் சக்தி மேலும் இறங்கும், உருகிய நீர் போகையில் எஞ்சின் கரடுமுரடாக ஓடும், பிறகுதான் ஏறும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கலவை ரிச் (பெட்ரோல் மிகுந்தது) ஆகிவிடும். கார்ப் டெம்பரேச்சர் கேஜ் இல்லாதபோது பாதி ஹீட் போடுவது ஆபத்து. உறைநிலைக்கு வெகு கீழே, உலர்ந்து ஒட்டாமல் போய்க்கொண்டிருந்த பனித்துகளை அது ஈரமாக்கி ஒட்டவைத்துவிடும்.

பராமரிப்புக் கேள்விகளில் தவறாமல் எட்டிப்பார்ப்பது ஃபிளாப்பர் வால்வு. தண்டு தேய்ந்து வால்வு முழுக்க மூடாவிட்டால் சூடான காற்று எப்போதும் கசியும். ஒவ்வொரு 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் ஏறக்குறைய 1 சதவீத சக்தி போகும். ரன்-அப்பில் (பறக்குமுன் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கையில்) ஹீட் போட்டும் ஆர்.பி.எம். இறங்கவில்லையா? கேபிள், மஃப், ஹோஸ் மூன்றையும் சந்தேகியுங்கள். இரட்டை அடுக்கு ஹோஸில் உள்ளடுக்கு பிரிந்து பாதையை அடைத்திருக்கலாம். வெளியே தொட்டுப் பார்த்தால் தெரியாது.

ஹீட் போடாதபோதும் மஃப்புக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் எக்ஸாஸ்ட் குழாய் சூடேறி விரிசல் விடும். கார்ப் மஃப்புக்குள் விரிசல் என்றால் புகை எஞ்சினுக்குள் போய் சக்தி விழும். கேபின் ஹீட் மஃப்புக்குள் என்றால் கார்பன் மோனாக்சைடு ஆட்களிடம் வரும். விடைத் தேர்வுகளில் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டிருப்பார்கள். அப்டிராஃப்ட் (காற்று கீழிருந்து மேலே போகும்) கார்புரேட்டரில், ஸ்டார்ட் செய்யுமுன் அதிகமாக பிரைம் செய்த (செலுத்திய) பெட்ரோல் ஏர்பாக்ஸில் சொட்டும். ஆகவே டிரெயின் துளை மிகத் தாழ்ந்த இடத்தில், எக்ஸாஸ்டுக்கு எட்டாத பக்கம்.