பரதன் உடுத்திய மரவுரி

2024 ஜூன் 3, திங்கள்

கம்பனின் அயோத்தியா காண்டத்தை மீண்டும் எடுத்து, இன்று நகர் நீங்கு படலத்தை முடித்தேன். இம்முறை என் கண் மரவுரியின் மேலேயே, மரப்பட்டையால் ஆன அந்தத் தவ உடையின் மேலேயே, நிற்கிறது. இராமனுக்கு அது கைகேயியின் ஏவலால் வந்து சேர்கிறது. அவனும் மறுசொல் இல்லாமல் உடுத்திக்கொள்கிறான். காடு போகச் சொன்ன சொல்லைக் கேட்டபோதே அவன் முகம் அப்பொழுது அலர்ந்த செந்தாமரையை வென்றது என்று முன்னரே பாடிவிட்ட கம்பனுக்கு, உடையைக் கொண்டு அவன் மனத்தைக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

சீதையின் செய்தி வேறு. வால்மீகியில் மரவுரியை உடுத்தத் தெரியாமல் அவள் திகைத்து நிற்க, இராமனே அதைப் பட்டாடையின் மேல் கட்டிவிடுகிறான். கம்பனிலோ, உடன் வர வேண்டாம் என்று அவன் தடுத்த பிறகு, அவள் உள்ளே சென்று தானே சீரை என்னும் மரவுரியைப் புனைந்து வந்து, அவன் கையைப் பற்றி நிற்கிறாள். அவளுடைய மறுமொழியே அந்த உடைதான்.

2024 ஜூன் 4, செவ்வாய்

ஆறு செல் படலம். அரசை ஏற்றுக்கொள் என்று வசிட்டர் சொன்னதும், 'நஞ்சினை நுகர்' என்றால் நடுங்குகிறவர்களைவிடவும் பரதன் அஞ்சுகிறான். தாயின் வரத்தால் முறைப்படி அவனுக்கு வந்த அரசு அது; மறுப்பதற்கு அவனுக்குத் தன் மனச்சான்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

2024 ஜூன் 7, வெள்ளி

மூன்று நாட்களாக ஒரே பாட்டில் தங்கியிருக்கிறேன். பரதனின் சேனையைக் கண்டு, வஞ்சனையால் அரசு பெற்றவன் இராமன்மேல் படையெடுத்து வருகிறான் என்று கொதித்து நின்ற வேடர் தலைவன் குகன், கங்கைக் கரையில் அவனை நேரில் பார்க்கும் இடம்.

வற்கலையின் உடையானை, மாசு அடைந்த மெய்யானை,
நற்கலை இல் மதி என்ன நகை இழந்த முகத்தானை

குகனின் பார்வை முதலில் உடையில் விழுகிறது; பிறகு புழுதி படிந்த உடலுக்கும், கடைசியில் முகத்துக்கும் ஏறுகிறது. 'கலை' என்பது ஆடைக்கும் பெயர், நிலவின் பதினாறு பங்கில் ஒன்றுக்கும் பெயர். மரவுரியைச் சொன்ன வாயோடு கலையிழந்த மதியைச் சொல்லும்போது, உடலில் நல்லாடை இல்லாததும் முகத்தில் ஒளி இல்லாததும் ஒரே இழப்பாகக் காதில் விழுகின்றன. இதை வெறும் எதுகை நயமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அதே மரவுரியை இராமன் உடுத்தியபோது இந்த இருள் இல்லை. அவனுக்கு அது தந்தையின் பெயரால் வந்த கட்டளை. பரதனை உடுத்தச் சொன்னவர் எவரும் இல்லை. தான் செய்யாத குற்றத்துக்குத் தன்னையே பொறுப்பாக்கி, அதற்குரிய தண்டனையையும் தானே விதித்து, அதையே உடையாகச் சுற்றிக்கொண்டு வருகிறான். படை அவனைப் பகைவனாகக் காட்டுகிறது, மரவுரி தம்பியாகக் காட்டுகிறது. குகனின் கையிலிருந்து வில் நழுவுகிறது. 'எம்பெருமான் பின் பிறந்தார் இழைப்பரோ பிழைப்பு?' என்று அவன் கேட்பது தன் சினத்தை நோக்கித்தான் என்று எண்ணுகிறேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

இராமனின் திருவடிநிலைகளை, அவன் பாதுகைகளை, பெற்றுத் திரும்பிய பரதன் அயோத்திக்குள் போகவில்லை. நந்தியம்பதியில் தங்கி, பாதுகையின் பெயரால் ஆட்சியை நடத்துகிறான். அண்ணன் மன்னித்தான், குகன் ஆயிரம் இராமருக்கு மேலாக அவனைப் போற்றினான். அவன் மட்டும் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. வசிட்டர் முன் 'அருவிக் கண்ணினான்' என்று சொன்ன கம்பன், இங்கே 'அந்தியும் பகலும் நீர் அறாத கண்ணினான்' என்கிறான்.