பர்மிங்காமில் இரண்டு நாள்: ஆல் இங்கிலாந்தைத் தேடிப் போன கதை

2022 மார்ச்சில் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் போட்டிக்கு டிக்கெட் எடுத்தபோது, யார் அரையிறுதிக்கு வருவார்கள், யார் இறுதியில் ஆடுவார்கள் என்று எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை லண்டனில் இறங்கி இந்தப் போட்டி நடந்த பழைய இடங்களைப் பார்ப்பது, சனி ஞாயிறு பர்மிங்காமில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது, அவ்வளவுதான் திட்டம். பல வருடமாக மனதில் இருந்த ஆசை. ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு ஆல் இங்கிலாந்து என்றால் டென்னிஸ்காரர்களுக்கு விம்பிள்டன் மாதிரி. உலகச் சாம்பியன்ஷிப் என்று ஒன்று 1977இல்தான் வந்தது, அதுவரை இதை வென்றவரைத்தான் உலகம் சாம்பியன் என்று எடுத்துக்கொண்டது.

முதலில் பக்கிங்காம் கேட். அரண்மனையைப் பார்க்க வந்த கூட்டத்தை விட்டு விலகித் தெருவுக்குள் நடந்தால் 59ஆம் எண் இருந்த இடம். லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவின் பயிற்சி மண்டபம் அங்கேதான் இருந்தது. 1899 ஏப்ரல் 4ஆம் தேதி முதல் ஆல் இங்கிலாந்து நடந்தது அந்த மண்டபத்தில். சிப்பாய்கள் அணிவகுத்துப் பழகுகிற தரையில் கோடு போட்டு ஆடியிருக்கிறார்கள். முதல் வருடம் ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் மட்டும்தான், ஒற்றையர் ஆட்டம் 1900இல்தான் சேர்ந்தது. அன்றைக்கு இருந்த கோர்ட்டே வேறு. இரண்டு முனையிலும் அகலமாக, நெட் இருக்கும் நடுப்பகுதியில் இடுப்பு சிறுத்து, உடுக்கை மாதிரி இருக்குமாம். 1901இல்தான் அதைக் கைவிட்டு இன்றைய செவ்வகத்துக்கு வந்தார்கள். அந்த உடுக்கைக் கோர்ட்டில் நெட் ஓரமாகப் பந்தை எப்படித் திருப்பியிருப்பார்கள் என்று யோசித்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மண்டபம் இப்போது அங்கே இல்லை. இடித்துவிட்டார்கள். ஆனால் பழைய இரும்பு வேலைப்பாடுகளில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் ஹார்ஸ்ஃபெரி ரோட்டில் படைப்பிரிவின் புதிய கட்டடத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சாலைக்கும் போனேன், வெளியில் இருந்துதான் பார்த்தேன். உள்ளே போக முடியாவிட்டாலும் 1899இல் ஆட்டம் பார்த்த இரும்பு இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது.

அங்கிருந்து வின்சென்ட் ஸ்கொயர் பக்கம்தான். நடுவில் பெரிய பச்சை மைதானம், ஓரத்தில் தோட்டக்கலைச் சங்கத்தின் மண்டபம். பூக் கண்காட்சிக்காகக் கட்டியது, கண்ணாடிக் கூரை. 1910இலிருந்து 1939 வரை, முதல் உலகப் போருக்காக நின்ற வருடங்களைத் தவிர, ஆல் இங்கிலாந்து இந்த மண்டபத்தில்தான் நடந்தது. சர் ஜார்ஜ் தாமஸ் என்ற மனிதரின் காலம் அது. எல்லாப் பிரிவும் சேர்த்து 21 பட்டங்கள், ஒற்றையரில் மட்டும் 1920 தொடங்கித் தொடர்ந்து நான்கு. இதே மனிதர் பிரிட்டனின் செஸ் சாம்பியனாகவும் இரண்டு முறை இருந்திருக்கிறார். 1934இல் சர்வதேச பேட்மிண்டன் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவர்தான். ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையில் இருக்கும் தாமஸ் இவர்தான். இந்தியா அந்தக் கோப்பையை வென்றது நான் போய்வந்த இரண்டே மாதத்தில், மே மாதம். வின்சென்ட் ஸ்கொயரில் நின்ற அன்றைக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த மண்டபத்தோடு இன்னொன்றும் முடிந்துபோனது. ஆண்கள் ஒற்றையரை ஓர் இங்கிலாந்துக்காரர் கடைசியாக வென்றது 1938இல், ரால்ஃப் நிக்கல்ஸ். அடுத்த வருடம் டென்மார்க்கின் டாகே மாட்சன் வந்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு இரண்டாம் உலகப் போர், ஏழு வருடம் போட்டியே இல்லை. திரும்பத் தொடங்கியதும் 1947இல் ஸ்வீடன், 1948இல் டென்மார்க், 1949இல் அமெரிக்கா, 1950இல் மலாயா என்று வருடத்துக்கு ஒரு நாடு. அன்றிலிருந்து இன்றுவரை போட்டியை நடத்துகிற இங்கிலாந்துக்காரர்களுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் கோர்ட் போட்டு, ஆட்களைக் கூப்பிட்டு, யார் ஜெயித்தாலும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எனக்கு இந்தப் போட்டியின் மேல் இத்தனை பிரியம் வரக் காரணமே இதுதான்.

1947ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த வருடம் ஹாரிங்கே அரங்கில் இறுதிவரை போய்த் தோற்றவர் லாகூரைச் சேர்ந்த பிரகாஷ் நாத். காலிறுதியில் அவரும் இன்னொரு இந்தியரான தேவிந்தர் மோகனும் மோத வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் களைப்பாக்கிக்கொள்ள வேண்டாம் என்று காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்கள், பிரகாஷ் நாத் மேலே போனார். மார்ச்சில் அவர் இறுதி ஆடினார், ஆகஸ்டில் லாகூர் வேறு நாட்டில் இருந்தது. அவர் பெயரை நம்மில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

ஹாரிங்கே அரங்கம் இன்று இல்லை, அதற்குப் பிறகு போட்டி நடந்த, எர்ல்ஸ் கோர்ட்டில் இருந்த எம்ப்ரஸ் ஹாலும் இல்லை, அதனால் அங்கெல்லாம் போகவில்லை. சாயங்காலம் நேராக வெம்பிளி. 1957 முதல் 1993 வரை ஆல் இங்கிலாந்தின் வீடு. ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே, பக்கவாட்டில் வரிசையாகக் கான்கிரீட் தூண்கள் துருத்தி நிற்கிற கட்டடம். 1934இல் நீச்சல் போட்டிக்காகக் கட்டியது. அமெரிக்காவின் ஜூடி ஹாஷ்மன் தன் பத்து ஒற்றையர் பட்டங்களில் பெரும்பாலானதை வென்றது இங்கேதான். 1968இல், 18 வயதில் வந்த இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோ தொடர்ந்து ஏழு வருடம் வென்றார், 1975இல் ஸ்வென் பிரியிடம் தோற்று, அடுத்த வருடமே திரும்ப வந்து எட்டாவதையும் எடுத்தார்.

நான் அங்கே போனது 1980 இறுதி ஆட்டத்துக்காக. இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சாம்பியன், எகிறி அடிக்கிற ஸ்மாஷுக்குப் பேர்போனவர். எதிரில் நம் பிரகாஷ் படுகோன். அடித்து ஜெயிக்கிறவரை அடித்தே தோற்கடிக்க முடியாது என்று தெரிந்தவர் அவர். வேகத்தைக் குறைத்து, பந்தை மெதுவாக நெட் பக்கம் இறக்கி, பிறகு பின்கோட்டுக்குத் தூக்கி, கிங்குக்கு வாகாக அடிக்க ஒரு பந்தும் தராமல் ஆடினார். 15-3, 15-10. சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே பாயின்ட் வருகிற காலம்தான், ஆனாலும் முதல் கேமில் கிங்குக்கு மூன்றே பாயின்ட்! கட்டடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தேன். அன்றைக்கு அங்கே எந்த நிகழ்ச்சியும் இல்லை, ஆளே இல்லை.

சரி, சனிக்கிழமை. யூஸ்டனில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட். அங்கிருந்து அரங்கம் நடக்கிற தூரம்தான், போட்டி வாரத்தில் வழி கேட்கவே தேவையில்லை, ராக்கெட் பையைத் தோளில் மாட்டிய கூட்டத்தின் பின்னால் போனால் கால்வாய் ஓரமாக அரங்கம் வந்துவிடும். 1994இலிருந்து போட்டி இங்கேதான். பெயரை மட்டும் பலமுறை மாற்றிவிட்டார்கள்.

என் பக்கத்து இருக்கையில் மலேசியாவின் பினாங்கைச் சேர்ந்த ஒரு தமிழர், எழுபதைத் தாண்டியவர். என் கையில் இருந்த சின்ன மூவர்ணக் கொடியைப் பார்த்துவிட்டு, “இந்தியாவா தம்பி? நான் லீ ஸீ ஜியாவுக்காக வந்திருக்கேன்” என்றார். முந்தைய வருடச் சாம்பியன் லீ ஸீ ஜியாவுக்கு எதிராக அரையிறுதியில் லக்‌ஷ்யா சென், வயது 20, பிரகாஷ் படுகோனின் அகாடமியில் வளர்ந்த பையன். ஆட்டம் தொடங்குமுன் பெரியவர் ஏடி சூங் கதையைச் சொன்னார். பினாங்குக்காரர், குட்டையான ஆள், எகிறி எகிறி அடிப்பார், 1953க்கும் 1957க்கும் நடுவில் நான்கு பட்டம். “எங்கப்பா இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவார்” என்றார்.

அந்த ஆட்டத்தை எப்படி எழுதுவது! 21-13 என்று லக்‌ஷ்யா எடுத்தார், 12-21 என்று விட்டார், மூன்றாவது கேமில் கடைசிக் கட்டம் வரை பின்னால்தான் இருந்தார். மலேசியக் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. அப்புறம் லக்‌ஷ்யா தரையோடு விழுந்து ஒவ்வொரு ஸ்மாஷாகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார், அவர் எடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தது. 21-19. நான் கத்திய கத்தில் இரண்டு நாள் தொண்டை சரியாகவில்லை. பெரியவர் உட்கார்ந்தபடியே என் கையைப் பிடித்து, “பையன் நல்லா ஆடுறான், நல்லா ஆடுறான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதே நாள் பெண்கள் இரட்டையர் அரையிறுதியில் திரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் ஆடினார்கள், காத்திருப்புப் பட்டியலிலிருந்து உள்ளே வந்து, இரண்டாம் தரவரிசைக் கொரிய ஜோடியை வீழ்த்திவிட்டு வந்தவர்கள். சீன ஜோடியிடம் தோற்றார்கள். காயத்ரியின் அப்பா புல்லேலா கோபிசந்த் 2001இல் சென் ஹாங்கை 15-12, 15-6 என்று வென்று பட்டம் எடுத்தது இதே அரங்கத்தில். ஒரே நாளில் பிரகாஷின் மாணவனும் கோபிசந்தின் மகளும் ஆல் இங்கிலாந்து அரையிறுதியில் ஆடுவதைப் பார்த்தேன். இதைத் திட்டம் போட்டு வந்து பார்க்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை இறுதியில் எதிரே டென்மார்க்கின் விக்டர் ஆக்செல்சன். அந்த உயரமும் கைநீளமும் நேரில் பார்த்தால்தான் புரியும். லக்‌ஷ்யா கோர்ட்டின் எந்த மூலைக்குப் பந்தை அனுப்பினாலும் ஆக்செல்சனுக்கு இரண்டு எட்டு போதுமாக இருந்தது. 21-10, 21-15. நடுவில் ஒரு நீண்ட ரேலி, லக்‌ஷ்யா விழுந்து எழுந்து இன்னும் ஒரு பந்தை எடுத்தபோது மொத்த அரங்கமும் எழுந்து நின்றது, டென்மார்க் கொடி வைத்திருந்தவர்கள்கூட. பினாங்குப் பெரியவர் அன்றைக்கும் என் பக்கத்தில்தான். என் கொடியைக் கேட்டு வாங்கி, ஆட்டம் முடிகிறவரை அவரே பிடித்திருந்தார்.