பத்தாயங்களைக் காத்த மதில்கள்: டிரான்சில்வேனியாவில் ஒரு பகல்

ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதியில் உள்ள பிரஷோவ் நகரில் 'ஒரே நாளில் ஐந்து கோட்டைத் தேவாலயங்கள்' என்று கூவி விற்கும் சுற்றுலாவை எடுக்காதீர்கள். ஐந்து வாசல்களில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு தேவாலயத்துக்கு மதில், கோபுரம், உள்ளறை எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஒரு பகலுக்கு மூன்று ஊர்களே அதிகம். பியர்தான், சஸ்கீஸ், விஸ்கிரி என்ற வரிசை நன்றாகப் பொருந்தும். பிரஷோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ப்ரெஷ்மேரை இதோடு சேர்க்க வேண்டாம். அது எதிர்த்திசை. அதற்குத் தனியாக அரை நாள் கொடுங்கள்.

இந்த ஊர்களைக் கட்டியவர்கள் சாக்சன்கள் என்று அழைக்கப்பட்ட ஜெர்மன் மொழிக் குடியானவர்கள். 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசா, எல்லையைக் காக்கவும் நிலத்தைத் திருத்தவும் ரைன், மோசெல் ஆற்றுப் பக்கங்களிலிருந்து அவர்களை அழைத்து வந்தார். 1224-ல் இரண்டாம் ஆண்ட்ரூ எழுதிக்கொடுத்த சாசனத்தால் அவர்கள் எந்தப் பிரபுவுக்கும் அடிமையில்லாத குடிகளானார்கள். வசதிதான், ஆனால் ஆபத்து வந்தால் ஓடி ஒளியப் பிரபுவின் கோட்டையும் இல்லை. 1241-ல் மங்கோலியர் வந்து போனார்கள். பிறகு ஒட்டோமான் படைகளின் சூறையாட்டம் தொடங்கியது. ஊரில் இருந்த ஒரே கல் கட்டடம் தேவாலயம். அதைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். இன்று சுமார் 150 எஞ்சியுள்ளன. 1993-ல் பியர்தானும், 1999-ல் மேலும் ஆறு ஊர்களும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகப் பீடத்தை நோக்கி நடப்பார்கள். முதலில் மதிலைப் பாருங்கள். சூறையாட வந்தவர்கள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் காத்திருக்க வருவதில்லை. கிடைத்த தானியத்தையும் ஆடுமாட்டையும் ஆளையும் வாரிக்கொண்டு போவதே நோக்கம். அதனால் இந்த மதில்களின் வேலை பாதி போர், பாதி களஞ்சியம். இதைப் புரிந்துகொண்டால் கட்டடம் தானாகப் பேசும்.

காலை ஏழரைக்குள் பிரஷோவை விட்டுக் கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் பியர்தான். தூரமான ஊரை முதலில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பதே நல்லது. பல வழிகாட்டிகள் இதைத் தலைகீழாகச் செய்து, மாலை ஐந்து மணிக்கு மூடும் கதவுக்கு முன்னால் ஆட்களைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நெடுஞ்சாலையில் சிகிஷ்வாரா வரை இரு திசைக்கும் ஒவ்வொரு தடம்தான். மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மாட்டினால் அரை மணி போய்விடும்.

வழியில் ரோட்பாவ் என்ற ஊரில் தேவாலயக் கோபுரம் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2016 பிப்ரவரியில் இடிந்து விழுந்தது. அதே மாதத்தில் ரோவாதெஷ் ஊர்க் கோபுரமும் விழுந்தது. கவனிக்க ஊரில் ஆள் இல்லாததே இந்தத் தேவாலயங்களின் பெரிய நோய். 1945-ல் சோவியத் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பல்லாயிரம் சாக்சன்கள் கட்டாய உழைப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி தலைக்கு இவ்வளவு என்று மேற்கு ஜெர்மனியிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை வெளியே விட்டது. 1990 என்ற ஒரே ஆண்டில் மட்டும் ருமேனியாவிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் கிளம்பிப் போனார்கள்.

பியர்தான் குன்றின்மேல், மூன்று சுற்று மதிலுக்குள் இருக்கிறது. கூரை போட்ட மரப்படிக்கட்டு வழியாக ஏற வேண்டும். 1572 முதல் 1867 வரை சாக்சன் லூத்தரன் ஆயர்கள் இருந்த ஊர் இது. பீடத்தின் பின்னணியில் 28 ஓவியப் பலகைகள். ஆனால் நேரம் ஒதுக்க வேண்டியது பூசைப் பொருள் அறையின் கதவுக்கு. 1515-ஆம் ஆண்டுக் கதவு. ஒரே சாவியைத் திருப்பினால், ஓக் பலகைக்குள்ளிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தாழ்ப்பாள்கள் நாலா பக்கமும் நிலைச்சட்டத்துக்குள் பாயும். உட்பக்கம் மூடி இல்லாததால் நெம்புகோல்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கண்ணாலேயே பின்தொடரலாம். 1900-ல் பாரீஸ் உலகக் கண்காட்சிக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். காவலர் மனம் வைத்தால் இயக்கிக் காட்டுவார், கேட்டுப் பாருங்கள். ஊர் ஆபத்தில் இருக்கும்போது விலைமதிப்புள்ளதெல்லாம் இந்தக் கதவுக்குப் பின்னால் போகும்.

மதிலை ஒட்டிய சிறு அறை ஒன்றை வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவார்கள். விவாகரத்து கேட்ட தம்பதிகளை அங்கே பூட்டி வைப்பார்களாம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. முந்நூறு ஆண்டில் ஒரே ஒரு ஜோடிதான் பிரிந்தது என்பார்கள். பெண்கள் பக்கக் கதை என்னவோ, அதை யாரும் சொல்வதில்லை.

சஸ்கீஸுக்கு மட்டும் ஒரு மணி நேரம் போதும். மற்ற ஊர்களில் தேவாலயத்தைச் சுற்றி அரண் இருக்கும், இங்கே தேவாலயமே அரண். 1493-ல் தொடங்கிய கட்டடம். கூரைக்குக் கீழே தனியாக ஒரு போர்த்தளம் தெரியும். முட்டுச்சுவர்கள் அதைத் தாங்குகின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கல்லும் கொதிநீரும் கொட்டுவதற்கான திறப்புகள் தலைக்கு நேர் மேலே இருக்கும்.

மதியத்துக்கு முன் விஸ்கிரிக்குப் போன் போட்டுச் சாப்பாடு சொல்லிவிட வேண்டும். வீடுகளில் சமைத்துப் போடுகிறார்கள், முன்பதிவில்லாமல் போனால் ரொட்டியும் ஜாமும்தான். சைவம் என்று சொன்னால் கோழியை எடுத்துவிட்டுக் கோழிச் சாற்றை வைக்கும் ஆபத்து உண்டு. 'தெ போஸ்ட்' என்று கேளுங்கள். அது ஆர்த்தடாக்ஸ் நோன்புச் சாப்பாடு: இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் சுட்டு அரைத்த சகூஸ்கா, சோளமாவுக் களியான மமலிகா, இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும்.

விஸ்கிரி நெடுஞ்சாலையில் இல்லை. புனெஷ்டியில் பிரிந்து சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். வண்டியை ஊர் எல்லையில் விட்டுவிட்டு நடப்பதே நல்லது, தெருவின் அமைப்பு நடந்தால்தான் கண்ணில் படும். வீடுகள் முகப்பைத் தெருவுக்குக் காட்டி வரிசையாக நிற்கும். இடையில் வண்டி நுழையும் பெரிய வாசல், உள்ளே நீண்ட முற்றம், கடைசியில் குறுக்காக வைக்கோல் கொட்டில். பிரிட்டன் மன்னர் சார்லஸ் 2006-ல் இங்கே வாங்கிய வீட்டைத் தேடித் தெருவில் பாதிப் பேர் அலைவார்கள். அதை விட்டுவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறுங்கள்.

அங்கே கொழுப்புக் கோபுரம் என்று ஒன்று உண்டு. உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கொழுப்பை ஒவ்வொரு குடும்பமும் இதில் தொங்கவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் குடும்ப முத்திரை. ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தைத் திறந்து வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்வார்கள், வெட்டிய இடத்திலும் அடையாளம் வைப்பார்கள், இடையில் எவரும் கை வைத்தால் தெரிந்துவிடும். தடித்த சுவருக்குள் கோடையிலும் குளிர்ச்சி, அதனால் கெடாது. எதிரி வந்தால் சாப்பாட்டை மூட்டை கட்ட வேண்டிய வேலையே இல்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தானியத்துக்கு மரப் பத்தாயங்கள். தர்ஷியு ஊர் மதிலில் இன்றும் கொழுப்பைத் தொங்கவிடுகிறார்கள்.

மரப்படிகள் செங்குத்து, உள்ளே இருட்டு, உத்தரம் தாழ்வு. புடவையோ வழுக்கும் செருப்போ வேண்டாம். சில்லறையாக லெய் (ருமேனியப் பணம்) நோட்டு வைத்திருங்கள், கார்டு எல்லா இடத்திலும் எடுபடாது. ஞாயிறு காலை ஆராதனை இருந்தால் வெளியே காத்திருக்க வேண்டிவரும். குளிர்காலத்தில் பல கதவுகள் பூட்டியே இருக்கும். சிறிய ஊர்களில் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வழிகாட்டி முன்கூட்டியே பேசியிருக்கிறாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பக்கத்து ஊருக்குப் புல்வெளி வழியே நடக்கத் தோன்றினால், மந்தை நாய்களைச் சுற்றிப் போங்கள், நடுவே புகாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழு ஷெங்கன் உறுப்பினர், இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசாவே போதும்.

மறுநாள் அரைப் பொழுதில் ப்ரெஷ்மேர். 12 மீட்டருக்கும் உயர்ந்த வட்ட மதிலின் உட்புறம் நான்கு அடுக்காக 270-க்கும் மேற்பட்ட அறைகள். கதவில் இருக்கும் எண் ஊரிலுள்ள வீட்டின் எண். முற்றுகையில் யார் எங்கே என்ற சண்டைக்கே இடமில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட அறைகூட மதிலுக்குள் உண்டு.

விஸ்கிரியிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பும் வண்டியாக இருந்தால் பேரம் பேசி நேரத்தை நீட்டுங்கள். கோடையில் பொழுது சாயும்போது மேய்ச்சலுக்குப் போன மாடுகள் ஒரே கூட்டமாகத் தெருவுக்குள் வரும். மேய்ப்பவர் எதையும் பிரித்து விடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வீட்டு வாசல் வந்ததும் தானே திரும்பி உள்ளே போய்விடும். வாசல் சாத்தியிருந்தால் நின்று கத்தும்.