குரூப் 4 படிக்கிறீர்களா? காவிரியில் தொடங்குங்கள்

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க உட்காரும் எல்லோரையும் முதலில் மிரட்டுவது பாடங்களின் எண்ணிக்கைதான். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு என்றுதான் இருக்கும். பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால் இலக்கணம், இயற்பியல், தாவரவியல், புவியியல், சோழர் வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், கூட்டுவட்டி என்று நீண்டுகொண்டே போகும். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே துறையைப் படித்துவிட்டு வந்தவருக்கு இது தலைசுற்ற வைக்கும். நான் பள்ளியில் காமர்ஸ் குரூப், கல்லூரியில் பி.காம். அறிவியலும் புவியியலும் பத்தாம் வகுப்போடு என்னைவிட்டுப் போனவை. இன்று டெல்டா கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறேன். இந்த வருஷம் படிக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: பாடங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்துக் களைத்துப்போக வேண்டாம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களின் வழியாகவும் அதைப் பாருங்கள்.

முதலில் தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3 மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். இதில் பாதி, அதாவது 100 கேள்விகள், தமிழ். மீதியில் 75 பொது அறிவு, 25 ஆப்டிடியூட், அதாவது கணக்கும் அறிவுத்திறனும். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். புத்தகம் என்று பார்த்தால் 6 முதல் 10 வரையிலான பள்ளிப் பாடநூல்கள், அதன் பிறகு 11, 12-ஆம் வகுப்பு வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல், புவியியல். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களையே வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றியமைப்பதால் அறிவிக்கை வந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

காவிரியை எடுத்துக்கொள்வோம். புவியியல் புத்தகத்தில் அது குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிறது. பவானி, நொய்யல், அமராவதி வந்து சேர்கின்றன. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து போகிறது, பூம்புகார் அருகே காவிரி கடலில் கலக்கிறது. இவ்வளவையும் வரைபடத்தில் கையால் வரைந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். மேட்டூர் அணையை ஏன் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள்? அந்த மாதத்தில் நம் டெல்டாவில் பெரிய மழை கிடையாதே? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. நாம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறோம். நமக்குப் பெரிய மழை அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். ஆனால் ஜூனில் குடகில் பெய்யும் மழை ஆறாக நமக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. காலநிலை பாடத்தில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

இதைப் புரிந்துகொண்டு தமிழ்ப் புத்தகத்துக்குப் போங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலையின் தொடக்கத்தில் 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி' என்று வரும். மழை பொய்த்தாலும் தான் பொய்க்காதது, மலையில் தொடங்கிக் கடலில் சேர்வது காவிரி என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பருவக்காற்றைப் படித்துவிட்டு இந்த அடியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. புவியியல் ஒரு அத்தியாயத்தில் சொன்னதைப் புலவர் ஓர் அடியில் வைத்திருக்கிறார். நூலின் பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அதன் பிறகு நூலையும் ஆசிரியரையும் தலைவனையும் பொருத்தச் சொல்லும் கேள்வி எனக்கு ஒருபோதும் குழம்பியதில்லை.

கரிகாலன் என்றதும் வரலாறு வந்துவிட்டது. சங்ககாலச் சோழர், கல்லணை, புகார்த் துறைமுகம். அங்கிருந்து நேராக 19-ஆம் நூற்றாண்டுக்குத் தாவலாம். ஆர்தர் காட்டன் கல்லணையின் கட்டுமான முறையை ஆராய்ந்தவர், 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டியவர், பிறகு கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையைக் கட்டியவர். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934. அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1924-இல், சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம்; அதற்கும் முந்தையது 1892 ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்றால் அடுத்தது பாலிட்டி, அதாவது அரசியலமைப்புப் பாடம்தான். அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஏன் இப்படி இரண்டாகப் பிரித்தார்கள் என்று யோசித்தாலே கூட்டாட்சி என்றால் என்ன என்று புரிந்துவிடும். மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறுக்கு உறுப்பு 262, அதன்படி 1956-இல் சட்டம், அந்தச் சட்டத்தின்படி 1990-இல் காவிரி நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என்று முடிவு செய்தது. கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. அதே வருஷம் ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்தது. வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும் எண்கள் இவை. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த கதையாகப் படித்தால் நிற்கும்.

டி.எம்.சி. என்று எழுதுகிறோமே, அது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. செய்தியில் விநாடிக்கு 12,000 கன அடி திறப்பு என்று சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 103.68 கோடி கன அடி. ஆக, விநாடிக்கு 12,000 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்படியானால் நிரம்பிய அணையில், புதிதாக நீர் வராவிட்டால், இந்த அளவில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் விடலாம்? ஆப்டிடியூட் பகுதியில் வரும் விகிதமும் அலகு மாற்றமும் இதேதான்.

அப்புறம் பொருளாதாரமும் அறிவியலும். நெல்லுக்குக் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று சாகுபடிப் பட்டம். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டம் 2020-இல் வந்தது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நெல் நிற்கும் வயலிலேயே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது வளர்ந்துவிடும். பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா இருந்து காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று அறிவியல் புத்தகம் சொல்வது இந்த வயலில் நடப்பதைத்தான். கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள் 'எனக்கு அறிவியல் வராது' என்று சொல்லும்போது வருத்தமாக இருக்கும். அவர்கள் பார்த்து வளர்ந்ததைத்தான் புத்தகம் வேறு சொற்களில் சொல்கிறது.

காவிரி போல இன்னொன்று உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறை, 30 குடும்புகள் (ஊரின் வார்டுகள்), உறுப்பினராக வயது 35-க்கு மேல் 70-க்குள். அங்கிருந்து காந்தியின் கிராம சுயராஜ்யம், அரசமைப்பின் உறுப்பு 40, 1957 பல்வந்த்ராய் மேத்தா குழு, 1992-இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், பதினோராவது அட்டவணையின் 29 பொருள்கள், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். படிக்கும்போது ஒப்பிடவும் செய்யுங்கள். குடவோலையில் போட்டியிடச் சொந்த நிலம் வேண்டும், வேத அறிவு வேண்டும், பெண்களுக்கு இடமில்லை. இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்தவர் இரண்டு பாடத்தையும் மறக்கமாட்டார்.

எல்லாவற்றையும் இப்படிக் கோத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இலக்கணத்துக்குத் தனி நேரம் கட்டாயம் தேவை. பிரித்து எழுதுதல், வேர்ச்சொல், ஆகுபெயர் எல்லாம் பயிற்சியால் மட்டுமே வரும். கணக்கும் அப்படித்தான், தினமும் கையால் போட வேண்டும். சூத்திரம் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் இரண்டு வருஷத்துக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் 100 ரூபாய். முதல் வருஷ வட்டி 1,000, அந்த ஆயிரத்துக்கு இரண்டாம் வருஷம் 10 சதவீத வட்டி, அவ்வளவுதான். இது தெரிந்தவர் தேர்வு அறையில் சூத்திரம் மறந்தாலும் விடை எடுத்துவிடுவார்.

நோட்டுப் போடும் முறை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாடத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. கூடவே இன்னொரு தடிமனான நோட்டு வையுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு: காவிரி, உத்திரமேரூர், உப்பு, பருத்தி, ரயில், தடுப்பூசி. எந்தப் பாடத்தில் எது படித்தாலும் பொருத்தமான பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். உப்பு என்ற பக்கத்தில் சோடியம் குளோரைடு இருக்கும், 1930 வேதாரண்யம் இருக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தது இருக்கும், தூத்துக்குடி உப்பளம் இருக்கும், நெய்தல் திணை இருக்கும். கடைசி மாதத்தில் திருப்பிப் பார்க்க இந்த நோட்டு ஒன்றே பெரிய உதவி. கோச்சிங் சென்டர் தரும் அச்சுப் பிரதியை வாங்கி அடுக்குவதால் இது கிடைக்காது. நீங்களே எழுதினால்தான் உண்டு.

வேலைக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் கைகொடுக்கிறது. பட்டாவில் நிலம் ஏர்ஸ் கணக்கில் இருக்கும், விவசாயி சென்ட் கணக்கில் கேட்பார். ஓர் ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் பயிரை எழுதும்போது, வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குவது கணக்கில் வரும். ஒரே மனுவில் கணக்கும் சட்டமும் வேளாண்மையும் சேர்ந்தே வந்து நிற்கும்.

தேர்வு அறை பற்றிக் கொஞ்சம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற கட்டமும் உண்டு. எந்தக் கேள்வியையும் நிழலிடாமல் வெறுமையாக விடாதீர்கள். தமிழை முதலில் முடியுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் மிகவும் நல்லது. கணக்குக்கு முப்பது நிமிடமாவது ஒதுக்கி வையுங்கள். தேர்வுக்கு முன்பு, வீட்டில் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்க்கும்போது, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் அந்தத் தடிமனான நோட்டில் அதற்குரிய பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பக்கமே இல்லாத கேள்வி என்றால் புதுப் பக்கம் தொடங்குங்கள்.