நகராட்சிப் பள்ளிக் கழிப்பறைக்கு சி.எஸ்.ஆர். நிதி: தீர்மானம் முதல் கல்வெட்டு வரை

கம்பெனிப் பணம் கேட்டுப் போகும்போது அது எந்தக் கணக்கிலிருந்து வரப்போகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விளம்பரக் கணக்கிலிருந்து வந்தால் ஸ்பான்சர்ஷிப். சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கென்றால் சட்டமும் வேறு, காகிதங்களும் வேறு. தன் பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட விதியில் இடமில்லை. எங்கள் அறக்கட்டளை ஒரு நகராட்சிப் பள்ளியில் மாணவியர் கழிப்பறை கட்டி ஒப்படைத்தது இந்த இரண்டாவது வழியில்தான்.

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை உண்டு. கேட்கப் போகும் முன் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சி.எஸ்.ஆர். பகுதியைப் படியுங்கள். எந்த ஊரில், எந்த வேலைக்கு, எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அதிலேயே இருக்கும். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்துப் பழக்கமில்லாதவர்களிடம் அறுபது லட்சத்துக்குத் திட்டம் நீட்டினால் பதிலே வராது.

அறக்கட்டளைக்கு 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளோடு, சி.எஸ்.ஆர். வேலை செய்யும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எண்ணும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் இல்லாமல் படிவம் ஏறாது. பத்திரத்தில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு எழுத்து மாறிய பெயர் என்று இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். 80ஜி பதிவு எப்போது முடிகிறது என்றும் பாருங்கள்.

அதிக உழைப்பு நகராட்சிப் பக்கம்தான். ஆணையருக்கு மனு கொடுத்தவுடன் ‘நல்ல காரியம், ஆரம்பியுங்கள்’ என்று வாய்வார்த்தை கிடைத்துவிடும். அதை நம்பி அஸ்திவாரம் தோண்டக் கூடாது. பள்ளி நகராட்சியுடையதாக இருந்தாலும் நிலம் வேறு துறையின் பெயரில் இருக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு நகர்மன்றத் தீர்மானத்துக்குப் போங்கள். தீர்மானத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும்: கட்ட அனுமதி, முடிந்ததும் கட்டடம் நகராட்சியின் சொத்து என்பது, தண்ணீருக்கும் கரண்ட் பில்லுக்கும் யார் பொறுப்பு, துப்புரவுப் பணியாளரை யார் நியமிப்பது. கடைசி இரண்டும் விடுபட்ட தீர்மானங்கள்தான் திறப்பு விழா முடிந்த கொஞ்ச நாளில் கழிப்பறையைப் பூட்டவைக்கின்றன. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து பொது அமைப்பின் பெயரில் இருக்க விதி அனுமதிக்கிறது என்பதால் கம்பெனியும் இதற்குத் தடை சொல்லாது.

மதிப்பீட்டை நகராட்சிப் பொறியாளரிடமே போடச் சொல்லுங்கள். 40 பேருக்கு ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர்க் கழிப்பிடம் என்பது பள்ளித் தூய்மைக்கான மத்திய அரசின் ஸ்வச் வித்யாலயா திட்ட அளவு. சுவரும் டைல்ஸும் கணக்கில் வந்துவிடும். மோட்டார், மேல்நிலைத் தொட்டி, மின் இணைப்பு டெபாசிட், சாய்தளம், நாப்கின் எரியூட்டி, ஒப்பந்ததாரரின் ஜி.எஸ்.டி. எல்லாம் விட்டுப்போகும். பராமரிப்பையும் திட்டத்துக்குள்ளேயே வையுங்கள். ‘தொடர் திட்டம்’ என்று கம்பெனி போர்டின் ஒப்புதல் பெற்றால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று நிதியாண்டு வரை செலவிடலாம். கட்டடத்துக்கு மட்டும் பணம் தருகிறோம் என்பவர்களிடம் இதை வற்புறுத்திக் கேட்பதில் தவறே இல்லை. சுத்தம் செய்ய ஆளில்லாத கழிப்பறைக்குள் எந்தப் பிள்ளையும் போகமாட்டாள்.

காலக் கணக்கு இன்னொரு சிக்கல். நிதியாண்டு முடியும் நேரத்தில், ஜனவரிக்குப் பிறகு, சில நிறுவனங்கள் அவசரமாகத் திட்டம் தேடும். நகர்மன்றக் கூட்டம் அந்த அவசரத்துக்கு வளையாது. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் எல்லாம் நின்றுபோகும். டிசம்பருக்குள் தீர்மானமும் மதிப்பீடும் கையில் இருந்தால் பணம் உங்களைத் தேடி வரும்.

கல்வெட்டு விஷயத்தில் கறாராக இருங்கள். கொடுத்தவர் பெயரை நன்றியோடு பொறித்தால் அது நன்கொடைதான். தொழிலுக்கு விளம்பரமாக அமையாதவரை ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2019 அக்டோபர் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அதே சுவரில் கம்பெனியின் பொருள் படமும் விற்பனை வாசகமும் ஏறினால் விளம்பரச் சேவையாகிவிடும், சி.எஸ்.ஆர். கணக்கும் அடிபடும். பலகையின் அளவு, வாசகம், இடம் மூன்றையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துக் கையெழுத்து வாங்குவது நல்லது.

பணம் தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் பில்கள், பொறியாளர் அளந்து எழுதிய அளவுப் புத்தக நகல், தேதியோடு படங்கள், ஆடிட்டர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று அவர்களின் நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பணத்துக்குத் தனி லெட்ஜர் வைத்தால் இது எளிது. ஒப்படைக்கும் நாளில் சாவியோடு மோட்டார் வாரண்டி அட்டை, மின் இணைப்பு எண், செப்டிக் டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் ஆகியவற்றைத் தலைமையாசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.