அவசரம் இல்லல்லா?

“இது கேன்சர் இல்லக்கா. அப்படியே விட்டா பிற்காலத்துல ஆகலாம். அதுக்கும் பத்துப் பதினஞ்சு வருஷம் பிடிக்கும்.”

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நர்ஸ் அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தபோது கர்ப்பப்பை வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வது என் வேலை. அந்த அக்கா புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டே கேட்டார். நகக்கண்ணில் இட்லி மாவு காய்ந்திருந்தது.

“அப்ப அவசரம் ஒண்ணும் இல்லல்லா? மகளுக்குத் தை மாசம் கல்யாணம். முடிச்சிட்டு வாறேன்.”

தை போய் சித்திரையும் வந்துவிட்டது. அவர் வரவில்லை.

பயமுறுத்தக் கூடாது என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள். சரிதான். தாராவியில் கேன்சர் என்ற பேச்சு அடுத்த சந்துக்குப் போனால் மகளுக்கு வந்த சம்பந்தமே நின்றுபோகும். அவரும் நான் சொன்னதைத் தவறாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. பத்து வருஷம் இருக்கிறதென்றால் கல்யாணம்தானே முதலில்? நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

ஆனால் அந்தப் பத்து வருஷம் எப்போது தொடங்கியது? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி கிருமி எந்த வயதில் தொற்றியது, திட்டு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதெல்லாம் வெள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதிக் கெடு முன்பே கழிந்திருக்கலாம். அதை அன்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் வந்திருப்பாரா? விடியுமுன் இட்லி அவித்தால்தான் கணவர் சைக்கிளில் கொண்டுபோய் விற்க முடியும். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் போனால் மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போட ஆளில்லை. கவுண்டரில் மராத்தியில் கேட்பார்கள், பதில் சொல்லத் துணைக்கு ஒருவர் வேண்டும். இத்தனைக்கும் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை என்பது திட்டைச் சில நிமிடம் உறைய வைப்பதுதான், அன்றே வீடு திரும்பலாம்.

இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில்தான் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் சுமார் 1,50,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. பத்தாவது படித்த பெண்களைப் பழக்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்ய வைத்தார்கள். இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. 2013-ல் முடிவு வெளியானது. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அந்த அக்கா சோதித்துக்கொண்டவர். எங்கள் அறிக்கையிலும் அவர் நல்ல கணக்கில்தான் வருவார்!

அதற்கப்புறம் நான் வருஷக் கணக்கே சொல்வதில்லை. “இந்த மாசத்துக்குள்ள போயிடுங்க” என்பதோடு சரி. சிலர் போகிறார்கள். போன முகாமில் ஒரு சின்ன வயசுப் பெண் அதைக் கேட்டதுமே முகம் வெளிறி, ஆஸ்பத்திரிக்கான சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டாள். அவளுக்குப் பத்து வருஷக் கணக்கைச் சொல்லியிருக்கலாமோ என்னவோ.