ரிசர்வ் சைட்டில் திடல் கேட்டு அலைந்த அனுபவம்

கொங்குப் பக்கத்து மாநகராட்சி ஒன்றின் விரிவாக்கப் பகுதி எங்களுடையது. லே-அவுட் போடும்போது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்று பத்தில் ஒரு பங்கு ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு ரிசர்வ் சைட் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. இருட்டினால் புதருக்குப் பின்னால் பையன்கள். கூல் லிப் என்ற புகையிலைப் பாக்கெட்டும் சிரிஞ்சும் வலி மாத்திரை அட்டைகளும் கிடந்ததைத் தூய்மைப் பணியாளர் அக்கா பொறுக்கி வந்து காட்டிய பிறகுதான் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சே வந்தது.

முதலில் போதைப்பொருள் புகாருக்கான 10581 எண்ணில் சொன்னோம். ரோந்து வந்தது. பையன்கள் ரயில் பாதைப் பக்கம் நகர்ந்தார்கள். ரோந்து குறைந்ததும் திரும்பி வந்தார்கள்.

அப்புறம்தான் அந்த இடத்தில் விளையாட்டுத் திடல் கேட்கும் யோசனை. ஓய்வு பெற்ற நகரமைப்பு ஊழியர் ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: "மனுவுல போதைன்னு ஆரம்பிச்சீங்கன்னா அதைப் போலீசுக்கு அனுப்பிட்டுக் கையைக் கழுவிடுவாங்க. இடத்துல இருந்து ஆரம்பிங்க." சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகல், அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம் இரண்டையும் வாங்கி மனுவோடு இணைத்தோம். போதை விஷயம் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

மனுவைப் பகுதி சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டத்தில், கொடுத்தோம். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய ஏற்பாடு இது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே சொல்வது பதிவேட்டில் ஏறும் என்பதால் அதிகாரியிடம் தனியாகப் போய்ச் சொல்வதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

சிக்கல் அங்கேதான் கிளம்பியது. அதே இடத்தில் சமுதாயக் கூடம் கட்ட வேண்டும் என்று இன்னொரு தரப்பு. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. தனியார் மண்டப வாடகை கொடுத்தே கடனாளியாகிற குடும்பங்கள் எங்கள் வார்டில் நிறைய. ஆனால் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு எதற்கும் திருப்பிவிட முடியாது. பெங்களூரில் அப்படி ஒரு இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1991-லேயே உறுதி செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தைக் கவுன்சிலரம்மாவிடம் கொடுத்தோம்.

மாநகராட்சி மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பார்த்தோம். "திடல் போட்டா எல்லாப் பசங்களும் அங்கேதான் கூடுவாங்க, கஞ்சா இன்னும் சுலபமாப் போகும்" என்றார் ஓர் உறுப்பினர். பள்ளிகளில் விழிப்புணர்வுப் பேரணி நடத்தினால் போதும் என்றார் இன்னொருவர். எனக்குப் பேரணிகள் மீது பெரிய நம்பிக்கை கிடையாது. வெயிலில் பதாகை பிடித்து நடந்துவிட்டு அதே பையன் சாயங்காலம் எங்கே போவான் என்பதுதானே கேள்வி?

கவுன்சிலரம்மா ஐஸ்லாந்துக் கணக்கை வாசித்தார். அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் கடந்த ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்தவர்கள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது, பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள், இரவு நேரக் கட்டுப்பாடும் இருந்தது. "அது பனி நாடும்மா" என்று யாரோ சொல்ல, மன்றமே சிரித்தது. ஆனாலும் பசங்க கூடிவிடுவார்கள் என்று பயந்தவருக்கு அதிலிருந்தே பதில் கிடைத்தது: வெறும் திடல் போதாது, விளக்கும் பயிற்சியாளரும் காவலாளியும் வேண்டும். அந்த மூன்றையும் சேர்த்துத்தான் தீர்மானம் நிறைவேறியது. சமுதாயக் கூடத்துக்கு மாநகராட்சியின் பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்கச் சொன்னார்கள்.

நிதி 'நமக்கு நாமே' திட்டத்தில். மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும். வசூல் செய்தது தனிக்கதை. வாடகை வீட்டுக்காரர்கள் கொடுத்த அளவுக்குச் சொந்த வீட்டுக்காரர்கள் கொடுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது கைப்பந்து மைதானம், சுற்றுவேலி, விளக்கு எல்லாம் வந்துவிட்டன. புதருக்குப் பின்னால் உட்கார்ந்த பையன்களில் சிலர் ஆட வருகிறார்கள், சிலர் வருவதில்லை. வராத ஒருவனின் அம்மாவிடம் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுத்திருக்கிறோம். பயிற்சியாளர் வாரக் கடைசியில் மட்டும் வருகிறார். காவலாளிக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை; அதுவரை சாவி சங்கத்திடம், ராத்திரி 9 மணிக்குப் பூட்டுவது முறை வைத்து நாங்களேதான்.